பித்தளைக் கூடு இல்லாத ரிவால்வர்

ஆயா காலமாகி வருஷம் திரும்பிய பிறகு, பெட்டகத்தைத் திறந்து சாமான் பிரித்துக்கொண்டிருந்தோம். மங்குச் சாமான், ஊறுகாய் ஜாடி, பர்மாவிலிருந்து வந்த அரக்குக் கிண்ணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வளவுக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஆயாவின் விபூதிக் குடுவையும் வந்தது. செம்பில் செய்தது, தட்டையான பேரிக்காய் மாதிரி இருக்கும். கழுத்தில் பித்தளை மூக்கு, அதன் ஓரத்தில் பெருவிரலால் அழுத்துகிற சின்ன விசை. அழுத்தினால் உள்ளே ஒரு தகடு விலகும், விட்டால் மூடிக்கொள்ளும். விபூதி லேசில் இறங்காது, தட்டித் தட்டித்தான் வாங்கவேண்டும். இருந்தாலும் ஆயா அதை விட்டதில்லை.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தங்கச்சி மகன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விசையை இரண்டு தடவை சொடுக்கினான்.

“அம்மான், இது விபூதிக்குச் செஞ்சது இல்லை. துப்பாக்கி மருந்துக் குடுவை.”

அடியில் தேய்ந்துபோன எழுத்தில் ஷெஃபீல்டு என்று இருந்தது. மூக்கில் இரண்டே கால், இரண்டரை, இரண்டே முக்கால் என்று கோடுகள். டிராம் என்ற பழைய ஆங்கில எடைக் கணக்காம். வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு முறைக்கு எவ்வளவு மருந்து என்று அளந்து கொடுக்கும் மூக்கு அது. ஷெஃபீல்டில் இருந்த ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் மாதிரியான கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிக் குடுவைகள் செய்து உலகம் முழுக்க அனுப்பின. எங்கள் வீட்டில் வேட்டைக்குப் போனவர் யார் என்று அத்தைமார்களுக்குள் ஒரு சிறு விவாதம் நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

தங்கச்சி மகனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சின்சினாட்டியில் அவன் சனிக்கிழமைதோறும் போவது இந்த வேலைக்குத்தான். கருமருந்து போட்டுச் சுடும் பழைய மாதிரி ரிவால்வர் வைத்திருக்கிறான். அடுத்த வருஷம் மகள் பேறுகாலத்துக்கு ஓஹாயோ போனபோது என்னையும் ஒரு நாள் கூட்டிப்போனான். அங்கே பார்த்ததையும், திரும்பி வந்தபின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே, காரைக்குடியில், ஒருவர் நாளைக்கே இதைத் தொடங்க முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். இப்போது போலீஸ்காரர் இடுப்பில் இருக்கிற ரிவால்வரில் போடுவது தோட்டா. தோட்டா என்பது பித்தளைக் கூட்டுக்குள் கட்டிய ஒரு பொட்டலம். அடியில் பொறி, நடுவில் மருந்து, வாயில் குண்டு. ஃபாக்டரியில் அளந்து அடைத்து மூடிவிடுகிறார்கள். சுடும்போது அந்தப் பித்தளை விரிந்து, துப்பாக்கியில் தான் உட்கார்ந்திருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பு பின்னால் வராது, பக்கத்து அறைக்கும் தாவாது. கருமருந்து ரிவால்வரில் இந்தக் கூடு கிடையாது. பொட்டலத்தை, சுடுகிறவர் தன் கையால், துப்பாக்கியின் அறைக்குள்ளேயே கட்டவேண்டும். அங்கே கேட்ட அத்தனை விதிகளும் எச்சரிக்கைகளும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. அமெரிக்கச் சட்டம் இதைத் தனியாக வைத்துப் பார்ப்பதற்கும் காரணம் இதுதான்.

கூடு இல்லாமல் ஏன் செய்தார்கள்? அந்தக் காலத்தில் கூடு இன்னும் வரவில்லை. நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. காளையார்கோயில் காட்டில் அன்று இரு பக்கமும் வெடித்த துப்பாக்கிகள் திரியாலோ சக்கிமுக்கிக் கல்லாலோ பற்றவைத்தவை. ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் வளரிக்கும் வேலுக்கும் வேலை இருந்தது. ஆறு வருஷம் கழித்து, 1807-இல், அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைத் துப்பாக்கிக்குப் பொறியாக வைக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். அந்த உப்பைச் செப்புத் தொப்பிக்குள் ஒரு துளி வைத்தால் அதுதான் கேப். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பைத் துணியில்லாமல், தாளில்லாமல், செம்பில் செய்ததாக நினைத்துக்கொள்ளலாம். அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கேப் வந்தபிறகுதான் சுழலும் துப்பாக்கி உருப்படியாக வேலை செய்தது. சாமுவேல் கோல்ட் 1835-இல் இங்கிலாந்திலும் 1836-இல் அமெரிக்காவிலும் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன் 1830-இல், பதினாறு வயதில், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் போன கோர்வோ என்ற கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தவர் அவர். அந்தப் பயணத்தில்தான் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்று சொல்வார்கள். கல்கத்தாவுக்குக் கப்பலில் போய்வந்தவர் கதை நம் ஊருக்குப் புதிதில்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது.

அப்புறம் வந்தவற்றில் மூன்றின் பெயர் தெரிந்தால் போதும். 1851-இன் கோல்ட் நேவி, குண்டின் விட்டம் .36 அங்குலம். 1860-இன் கோல்ட் ஆர்மி, .44. மூன்றாவது ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி, அதுவும் .44, காப்புரிமை முத்திரையில் 1858 என்று இருப்பதால் எல்லோரும் அதை ஐம்பத்தெட்டு என்றே சொல்வார்கள், ஆனால் பெருமளவில் செய்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில். பித்தளைத் தோட்டா போடும் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸன் 1857-லேயே கொண்டுவந்துவிட்டது. முன்னிருந்து பின்வரை துளை முழுக்கப் போகும் சிலிண்டருக்கான (அறைகளைத் தாங்கிச் சுழலும் உருளைதான் சிலிண்டர்) காப்புரிமையும் அவர்கள் கையில் இருந்ததால், 1869 வரை மற்றவர்கள் மருந்து கெட்டிக்கும் மாதிரியிலேயே காலம் தள்ளினார்கள்.

இன்றைக்கு மைதானத்தில் சுடுவது பெரும்பாலும் அந்த அசல்கள் அல்ல. 1950-களின் கடைசியில், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, இத்தாலியின் பிரெஷா பக்கத்துத் துப்பாக்கிக் கம்மியர்கள் நகல் செய்ய ஆரம்பித்தார்கள். உபெர்ட்டி, பியெட்டா, பெடர்சோலி என்ற பெயர்கள் எல்லாம் அந்த வட்டாரத்தவை. எஃகு இன்றைய எஃகு, உருவம் மட்டும் பழசு.

இனி மைதானம். தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை, எதிரே இருபத்தைந்து மீட்டரில் தாள் இலக்குகள், அதற்குப் பின்னால் மண்மேடு. வரிசையாக நின்றவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். தங்கச்சி மகன் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சின்ன மருந்துக் குடுவை, பித்தளை அளவைக் குழாய், ஈயக் குண்டு டப்பா, கேப் டப்பா, கிரீஸ் டப்பா. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ரவை. துப்பாக்கி ரவையில்லை, உப்புமா ரவை. மத்தியானத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

முதலில் ஆறு அறைகளையும் துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தான். பின்புறம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிப்பிள் இருக்கிறது; வண்டிக்குக் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் என்று மெக்கானிக் சொல்வாரே, அதே சொல், உருவமும் ஏறக்குறைய அதேதான். மருந்து போடாமல் வெறும் கேப்பை ஒவ்வொரு நிப்பிளிலும் மாட்டி, குழல் நுனியைத் தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலைக்கு நேராகக் காட்டிச் சொடுக்கினான். டிக். இலை துள்ளியது. துளை அடைபடாமல் இருக்கிறது, நெருப்பு உள்ளே போகிறது என்று அர்த்தம். நாலாவது சொடுக்கில் இலை அசையவில்லை. ஊசி மாதிரிக் கம்பியால் அந்த நிப்பிளைக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனான்.

பின்னால் கேப்பைத் தட்டும் சுத்தியை அரை இழுப்பில் நிறுத்தினால் சிலிண்டர் லேசாகச் சுற்றும். குழல் வானத்தைப் பார்க்கத் துப்பாக்கியை ஒரு மரத் தாங்கியில் நிறுத்தினான். குடுவையிலிருந்து அளவைக் குழாய்க்கு, குழாயிலிருந்து அறைக்கு. நேராகக் குடுவையிலிருந்து அறைக்கு ஊற்றினால் ஒரு வேலை மிச்சமாகுமே என்றேன். உள்ளே முந்தின வெடியின் தணல் ஒரு பொட்டு மிச்சமிருந்தால், கையில் இருக்கும் குடுவை முழுவதும் பற்றிவிடும். குழாயில் இருப்பது மட்டும் பற்றினால் விரல் சுடுவதோடு போய்விடும் என்றான். ஆயாவின் குடுவையை நினைத்துக்கொண்டேன். அதில் அளவைக் குழாயும் மூக்கும் ஒன்றேதான்; நேராகத் துப்பாக்கி வாயில் கவிழ்ப்பதற்கென்றே செய்தது. அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு விரல் போயிருக்குமோ.

அளவைக் கேளுங்கள். அவன் போட்டது ஒரு அறைக்கு 20 கிரெயின். கிரெயின் என்பது பழைய ஆங்கில எடை, ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயினுக்குக் கொஞ்சம் கூட. ஆக 20 கிரெயின் என்பது சுமார் 1.3 கிராம், பத்துக் குன்றிமணி எடை. ஆறு அறைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு பவுன். நமக்கு இந்தக் கணக்குத்தான் கையில் நிற்கும்: ஆறு வெடிக்கு ஒரு பவுன் மருந்து. .44 குண்டு ஒன்று மட்டும் ஒரு பவுனுக்குச் சற்று மேலே. ஆயாவின் குடுவையில் இரண்டரை டிராம் கோடு என்பது 68 கிரெயின், அரைப் பவுனுக்கும் மேல். ரிவால்வர் அறை அவ்வளவு கொள்ளாது, வழிந்துவிடும். அறை கொள்ளும் அளவே ஒரு காவல்தான். அதற்காக வாய்வரை நிரப்பினால் நன்றாகச் சுடும் என்று அர்த்தமில்லை. போட்டிக்காரர்கள் குறைவாகத்தான் போடுகிறார்கள்.

குறைவாகப் போட்டால் குண்டு அறைக்குள் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து புறப்பட்டுக் குழலில் நுழைவதற்குள் கொஞ்ச தூரம் பிடிமானமில்லாமல் ஓடவேண்டியிருக்கும், குறி சிதறும். அந்த இடத்தை நிரப்பத்தான் ரவை. மருந்துக்கு மேலே ஒரு அளவு ரவை, அதற்கு மேலே குண்டு. ஐரோப்பாவிலும் போட்டிக்காரர்களிடையே இந்தப் பழக்கம் உண்டாம். உப்புமாவைத் தவிர ரவைக்கு வேறு பிழைப்பு இருப்பதை அறுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

மருந்தின் பருமனும் ரவை மாதிரிதான் இருந்தது. கருமருந்து என்பது நாம் வேட்டுக்காரரிடம் கேள்விப்பட்ட அதே வெடியுப்பு, கரி, கந்தகம்தான். ஆனால் துப்பாக்கிக்கு வருவது மாவாக இருக்காது, அழுத்திக் கட்டியாக்கி உடைத்துச் சலித்த மணிகளாக இருக்கும். எத்தனை எஃப் என்று பருமனுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எஃப் கூடக்கூடப் பொடி. ஒரு எஃப் கடுகு மாதிரி, பெரிய துப்பாக்கிகளுக்கு. மூன்று எஃப் ரிவால்வருக்கு. மணிக்கு மணி நடுவில் காற்று இருப்பதால்தான் நெருப்பு ஒரே சீராகப் பரவுகிறது. இதற்கு மாற்றாக பைரோடெக்ஸ் போன்றவை கடையில் கிடைக்கின்றன. அவற்றையும் எடையால் அளக்கக்கூடாது, அதே அளவைக் குழாயால் கொள்ளளவுக்குத்தான் அளக்கவேண்டும்.

அடுத்தது குண்டு. ஈயம், உருண்டை, அறையின் வாயைவிட இம்மி பெரியது. வாயில் வைத்தால் உள்ளே போகாமல் அப்படியே உட்காரும். குழலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் நெம்புகோலை இறக்கி அமுக்கினால், குண்டு நெருக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். ஓரத்தில் மிஞ்சிய ஈயம் ஒரு நூல் மோதிரமாகச் சீவப்பட்டு வெளியே வந்து நிற்கும். அந்த மோதிரம் முழு வட்டமாக வரவேண்டும். அறுந்தோ ஒரு பக்கம் மட்டுமோ வந்தால் குண்டு சரியாக அடைக்கவில்லை. ஆறு மோதிரத்தையும் அவன் எடுத்து மேசையோரம் வரிசையாக வைத்ததைப் பார்த்தேன். எதற்கு என்றேன். எண்ணிக்கைக்கு என்றான். ஆறு மோதிரம் இருந்தால் ஆறு குண்டு உள்ளே இருக்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் (அல்லது ரவைக்கும்) நடுவில் வெற்றிடம் விடவே கூடாது. விட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறி இரும்பையே பதம் பார்க்கும்.

மேலே ஒரு விரல் கிரீஸ். தேன்மெழுகும் ஏதாவது தாவர எண்ணெயோ மிருகக் கொழுப்போ சேர்த்து உருக்கியது. பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் கம்பளி வில்லை ஒன்றை எண்ணெயில் ஊறவைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேப்பைக் கடைசியில்தான் மாட்டவேண்டும், அதுவும் சுடும் கோட்டில் நின்று, குழல் மண்மேட்டைப் பார்க்கும்போது. அதற்கு முன் அந்த ரிவால்வர் வெறும் இரும்பும் ஈயமும். கேப் ஏறியபின் அது துப்பாக்கி. புதியவர்கள் ஐந்து அறையை மட்டும் நிரப்பி, காலி அறைமேல் சுத்தியை இறக்கி வைப்பது நல்லது என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். தங்கச்சி மகன் எனக்குக் கொடுத்ததும் ஐந்துதான்.

சுட்டேன். டமார் என்று வரும் என்று காத்திருந்த காதுக்கு வந்தது ‘தொம்’. கோயில் திருவிழாவில் தூரத்தில் வேட்டுப் போட்டால் நெஞ்சில் தட்டுமே, அந்த மாதிரி. கை மேலே எகிறவில்லை, யாரோ உள்ளங்கையைப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. முன்னால் வெள்ளைப் புகை. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் காற்றாக மாறாமல் திடப்பொருளாகவே நிற்கும். புகையும் கரியும் அதுதான். காற்றில்லாத நாள் என்பதால் இலக்கைப் பார்க்கப் புகை கலையும்வரை நிற்கவேண்டியிருந்தது. ஐந்தில் மூன்று தாளில் பட்டிருந்தது. மற்ற இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி, கெட்டுப்போகும் வழிகள். கூடு இல்லாததன் விலை முழுவதும் இங்கேதான்.

சுட்ட கேப் கிழிந்து, துணுக்குச் செம்பு இயந்திரத்துக்குள் விழுந்து சிக்கிக்கொள்ளும். அடிக்கடி நடப்பது இது. அதனால் அடுத்த வெடிக்குச் சுத்தியை இழுக்கும்போது குழலை மேல்நோக்கித் தூக்கி இழுப்பார்கள், துணுக்கு பின்னால் உதிர்ந்துவிடும். என் மூன்றாவது வெடிக்குப் பிறகு சிலிண்டர் சுற்றவே இல்லை. தங்கச்சி மகன் வாங்கி, இடுக்கியால் ஒரு செம்புப் பொட்டை எடுத்துக் காட்டினான்.

அடிக்கடி நடக்காதது, நடந்தால் மறக்காதது, சங்கிலி வெடி. ஒரு அறை வெடிக்கும்போது நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி அதுவும் வெடிப்பது. குழலுக்கு நேராக இல்லாத அறையிலிருந்து குண்டு கிளம்பினால் துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் மோதலாம், பக்கவாட்டில் போகலாம். முன்வாயில் குண்டு சரியாக அடைக்காததால் வருகிறது என்று ஒரு கட்சி, பின்னால் தொளதொளப்பான கேப் கழன்றுவிழுவதால் வருகிறது என்று இன்னொரு கட்சி. கொட்டகையில் அன்றைக்கே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சரியாகச் செய்தால் வாதத்துக்கு அவசியமில்லை. ஈய மோதிரம், கிரீஸ், நிப்பிளுக்கு இறுக்கமான கேப். இடது கையைச் சிலிண்டருக்கு முன்னால் கொண்டுபோகாமல் இருப்பதும் இதனால்தான்.

சுத்தி விழுந்து வெடிக்கவில்லை என்றால் திருப்பிப் பார்க்கக்கூடாது. குழல் மண்மேட்டைப் பார்த்தபடி ஒரு நிமிஷமாவது நிற்கவேண்டும். உள்ளே கங்கு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு, வேறு மருந்தைப் போடுவது. 1880-களில் புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அங்கே செய்தது அந்த வகைதான். அதே அளவைக் குழாயில் அதை அளந்து கருமருந்து ரிவால்வரில் போட்டால், அழுத்தம் பலமடங்கு ஏறிச் சிலிண்டர் கையிலேயே பிளக்கும். பட்டாசு மருந்தும் அப்படியே. சிவகாசி வெடிக்குள் அலுமினியப் பொடி சேர்ந்திருக்கும், அதன் வேகம் வேறு. வெடியைப் பிரித்துக் கொட்டி நாட்டுத் துப்பாக்கியில் போட்டுப் பார்க்கும் சாகசக்காரர்கள் எந்தக் கிராமத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்கு விரல் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

எந்த மாதிரி வாங்குவது என்று கேட்டதற்கு அங்கே கிடைத்த பதில் சுருக்கமானது. ரெமிங்டனில் சிலிண்டருக்கு மேலே ஒரு இரும்புப் பட்டை ஓடுகிறது, சட்டம் முழுசு. சிலிண்டரைக் கழற்றுவதும் சுலபம், குறி பார்க்கும் காடியும் நிலையானது. கோல்ட்டின் மேல்புறம் திறந்தது, குழலை ஒரு ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. குறிக்காடி சுத்தியிலேயே இருக்கிறது, பக்கத்து இலக்குக்குக் கொஞ்சம் மேலே சுடும். ஆனால் கரி ஏற ஏற ரெமிங்டன் சீக்கிரம் இறுகும், கோல்ட் தாங்கும். கையில் பிடிக்கும் சுகத்துக்கு நேவியை மிஞ்ச ஆளில்லை. தொடக்கத்துக்கு எஃகுச் சட்ட ரெமிங்டன் என்பது பொதுத் தீர்ப்பு. பித்தளைச் சட்டம் போட்ட நகல்களும் விலை குறைவாகக் கிடைக்கின்றன. போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்த தென்மாநிலத்தார் அப்படிச் செய்தார்கள். பளபளவென்று இருக்கும், நம்மவர்கள் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்து முகப்பில் வைத்துவிடுவார்கள். ஆனால் பித்தளை மெத்து. நிறையச் சுட்டால் சட்டம் நீண்டுவிடும்.

வீடு திரும்பிய பிறகு மருமகள் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். காரணம் சீக்கிரமே தெரிந்தது. தங்கச்சி மகன் ரிவால்வரைக் கழற்றிச் சிங்க்கில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் பாத்திர சோப்பு ஊற்றினான். அழுகின முட்டை நெடி. கருமருந்துக் கரியில் பொட்டாசிய உப்புகள் இருக்கின்றன; காற்றின் ஈரத்தை இழுத்து அன்று ராத்திரியே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். உப்பு என்பதால் எண்ணெய்க்குக் கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். துப்பாக்கியைத் தண்ணீரில் போடுவதா என்று பதறுகிறவர்கள்தான் கடைசியில் துருவோடு நிற்பார்கள். கொதிநீர் என்பதால் இரும்பு சூடேறித் தானே உலர்ந்துவிடும்; அப்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அரை மணி நேர வேலை. காரைக்குடியில் 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உலோகம் அரிப்பதை ஆராய்வதே அங்கே ஒரு பெரிய துறை. அவர்களுக்குச் சொன்னால் இதில் ஒரு ஆச்சரியமும் இருக்காது.

சரி, ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் 1968-இன் கூட்டரசுச் சட்டம், கூடுள்ள தோட்டா போடாத இந்த நகல்களைப் பழம்பொருள் கணக்கில் வைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பிரிட்டனில் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோதும் வாய்வழி கெட்டிக்கும் ரிவால்வரை விட்டுவைத்தார்கள், ஆனால் போலீஸ் சான்றிதழ் வேண்டும். உலகப் போட்டியும் நடக்கிறது. 1971-இல் தொடங்கிய எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற, வாய்வழி கெட்டிப்பவர்களின் சர்வதேச அமைப்பு நடத்துகிறது. மரியட் என்ற ரிவால்வர் பிரிவில் இருபத்தைந்து மீட்டரில், அரை மணி நேரத்தில் பதின்மூன்று வெடி, அதில் சிறந்த பத்து கணக்கில் வரும்.

நம் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் கருமருந்துக்குச் சலுகை கிடையாது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியும் துப்பாக்கிதான், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கிகள் தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மருந்தை வீட்டில் தயாரிப்பது வெடிபொருள் சட்டத்தில் வந்து நிற்கும். கலெக்டர் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, காரணம் ஏற்கப்பட்டால்தான் எதுவும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்ற நினைப்பே வேண்டாம். சுடுவதுதான் ஆசை என்றால் இங்கே வாசல் ஏர் பிஸ்டல். பத்து மீட்டர், புகையில்லை, நெடியில்லை. குறி, மூச்சு, விசையைப் பிழியும் விரல் எல்லாம் இதற்கும் அதற்கும் ஒன்றுதான். நம் பக்கத்தில் இந்த ஆர்வத்துக்குக் குறைவில்லை. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் வில்லைகளைச் சுடும் டிராப் பிரிவில் சுட்டவர்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கதி உண்டு. பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் திறந்து பங்கு பிரிக்கும்போது பரணிலும் பெட்டகத்திலும் பழைய துப்பாக்கி கிடைப்பது நடக்கிறது. சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழங்கால மதிப்புள்ளதாகவும், பழுது பார்த்தாலும் சுட முடியாததாகவும் இருப்பதற்கு விலக்குத் தருகிறது. 2020-இல் வந்த விதித் திருத்தம், கலைப்பொருள் வகையில் வருகிற சிறு ஆயுதங்களை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்கிறது. சுடுவதற்கோ வெளியே எடுத்துச்செல்வதற்கோ லைசென்ஸ் வேண்டும். ஆனால் நம் வீட்டில் கிடைத்தது அந்த வகைதானா என்று முடிவு செய்வது நாமும் இல்லை, முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் விற்கிறவரும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடையில் ‘அசல் வெள்ளைக்காரன் காலத்து’ ரிவால்வர் என்று வாங்கி வந்தார். சிலிண்டரும் குழலும் ஒரே வார்ப்பாக இருந்தது, சுற்றவே சுற்றாது. அவருக்குப் பணம்தான் போயிற்று. அசலாக இருந்திருந்தால் கேஸே ஆகியிருக்கும்.

கிடைத்தால் என்ன செய்வது? தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, ஸ்டேஷனிலோ கலெக்டர் ஆபீசிலோ எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி நடப்பதுதான். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும்; கெட்டித்த நிலையிலேயே ஆணியில் மாட்டிவைத்துவிட்டு ஐயாக்கள் போயிருக்கலாம். குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள்.

ஆயாவின் குடுவை பங்கில் எனக்குத்தான் வந்தது. குடுவை துப்பாக்கி இல்லை, அதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். கழுவினால் செம்பு பளிச்சென்று ஆகும் என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஓஹாயோவிலிருந்து வந்தபின் அந்த விசையின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஷெஃபீல்டுக்காரர் அடித்த சுருள் இன்னும் விறைப்பாக இருக்கிறது. உள்ளே ரவையைக் கொட்டி அழுத்தினேன். விபூதிக்கு இத்தனை வருஷம் முரண்டு பிடித்த மூக்கு, ரவையைக் கோடு வரைக்கும் சரசரவென்று அளந்து கொடுத்தது.